ஸ்பிரிங்கா, பிசிபியா? மலையில் ஏர் ரைஃபிள் வாங்கும் முன் தெரிய வேண்டியவை

இரண்டு ஏர் ரைஃபிள்கள். குழலின் விட்டம் ஒன்றே, போடும் ஈயக் குண்டு ஒன்றே, ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு. விலை குறைந்தது, திருவிழாவில் பலூன் சுடும் கடைகளில் நாம் பார்த்துப் பழகிய, குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரகம். விலை கூடியது, காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்ளும் ரகம், ஆங்கிலத்தில் ப்ரீ-சார்ஜ்டு நியூமேட்டிக், சுருக்கமாகப் பிசிபி. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் பிசிபியின் புகழ்தான் கண்ணில் படும். இருந்தும் ஸ்பிரிங் ரைஃபிளைக் கைவிடாதவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஏன்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது. குளிர் இருக்கிறது. சுற்றிலும் காடும் சரணாலயமும் இருக்கின்றன. சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுடும் நேரத்தில் ஸ்பிரிங் தரும் தொல்லையைப் பிசிபி போக்குகிறது. ஆனால் அந்தத் தொல்லை காணாமல் போவதில்லை, காற்று நிரப்பும் நேரத்துக்கு இடம் மாறுகிறது. மலையில் அந்த நிரப்பும் வேலை சமவெளியைவிடக் கடினம். வீட்டுத் தோட்டத்தில் குறி பழக நினைப்பவருக்கு இங்கே ஸ்பிரிங்தான் பொருத்தம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

காற்று எப்போது அழுத்தப்படுகிறது?

எல்லா ஏர் ரைஃபிளிலும் அழுத்தப்பட்ட காற்று விரிந்து குண்டைக் குழலுக்கு வெளியே தள்ளுகிறது. குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தயாராகும் கார்டைட் என்ற வெடிமருந்து, எரிந்து வாயுவாகித் தோட்டாவைத் தள்ளும். இங்கே அந்த வேலையைச் சாதாரணக் காற்றே செய்கிறது.

இரண்டு ரகங்களும் பிரியும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்பிரிங் ரைஃபிளில் ட்ரிக்கரை இழுத்த பிறகுதான் காற்று அழுத்தப்படுகிறது. பிசிபியில் ட்ரிக்கரைத் தொடுவதற்கு முன்பே, சில சமயம் சில நாட்களுக்கு முன்பே, அழுத்தப்பட்டுவிடுகிறது. விலை, குறித்துல்லியம், பராமரிப்பு, எடை என்று மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

மேலே போகும் முன் மூன்று சொற்கள்:

1. பெல்லட்: இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை போல விரிந்த ஈயக் குண்டு. இந்தியாவில் பொதுவாகக் கிடைப்பது 4.5 மில்லிமீட்டர் விட்டம், அதாவது 0.177 அங்குலம். எடை பெரும்பாலும் அரை கிராமை ஒட்டி இருக்கும்.

2. பார்: அழுத்தத்தின் அளவு. கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். கார் டயரில் சுமார் 2.2 பார். பிசிபி ரைஃபிளின் சிலிண்டரில் பொதுவாக 200 பார். சில மாடல்களில் 250, 300 வரை.

3. ஜூல்: பெல்லட் குழலை விட்டு வெளியேறும்போது அதில் இருக்கும் ஆற்றலின் அளவு. அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் அது ஏறத்தாழ 20 ஜூல். இந்த 20 என்ற எண் சட்டத்திலும் வரும்.

ஸ்பிரிங் ரைஃபிளுக்குள் நடப்பது

குழலின் முனையைப் பிடித்துக் கீழே மடக்கும்போது, அதோடு இணைந்த கம்பி ஒரு கனமான பிஸ்டனைப் பின்னே தள்ளி, பெரிய சுருள் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. 'க்ளக்' என்று ஒரு சத்தத்தோடு பிஸ்டன் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். திறந்த குழல் வாயில் பெல்லட்டை வைத்து, அதன் பாவாடை விளிம்பு சமமாக உட்காரும்படி பெருவிரலால் அழுத்தி, குழலை நிமிர்த்தி மூடினால் ரைஃபிள் தயார். ட்ரிக்கரை இழுத்ததும் நடப்பவை:

1. கொக்கி விடுபட, ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே எறிகிறது. பிஸ்டன் முன்னே போவதால் ரைஃபிள் பின்னே நகர்கிறது. இது முதல் உதைப்பு. பெல்லட் இன்னும் அசையவே இல்லை.

2. பிஸ்டனுக்கு முன்னால் இருந்த காற்று நசுங்கி, அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. பிஸ்டன் பயணத்தின் முடிவை நெருங்கும்போதுதான் பெல்லட் கிளம்புகிறது.

3. நசுங்கிய காற்று மெத்தை போல எதிர்க்க, பிஸ்டன் துள்ளிப் பின்வாங்கி மறுபடி முன்னே வந்து நிற்கிறது. இப்போது ரைஃபிள் முன்னே இழுபடுகிறது. இது இரண்டாம் உதைப்பு.

4. இவ்வளவு நடக்கும்போதும் பெல்லட் குழலுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மொத்தமும் விநாடியில் நூறில் ஒரு பங்கை ஒட்டி முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்குள் ரைஃபிள் பின்னும் முன்னுமாக ஆடிவிடுவதால், அதை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பது பெல்லட் போய்ச் சேரும் இடத்தை மாற்றிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் இன்னொரு இடம். அதனால்தான் பழகியவர்கள் முன்கட்டையை விரல்களால் கவ்வுவதில்லை. திறந்த உள்ளங்கையில் ஏந்துகிறார்கள்; தோளிலும் லேசாகத்தான் பதிக்கிறார்கள். ரைஃபிள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட இடம் கொடுப்பதுதான் நோக்கம். சுட்ட பிறகும் ஒரு கணம் அசையாமல் குறியைப் பார்த்தபடியே இருப்பதும் இதற்காகத்தான்.

இந்த உதைப்பால் வேறு விளைவுகளும் உண்டு. கட்டையைப் பிணைக்கும் திருகுகள் தளரும். பின்னோக்கிய உதைப்பை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப் (குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கி), முன்னோக்கி இழுபடும் உதைப்பில் உள்ளே கழன்றுபோகும். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு என்று குறிப்பிட்டு விற்கும் ஸ்கோப்தான் வாங்க வேண்டும். பெல்லட் இல்லாமல் சும்மா சுடவே கூடாது. எதிர்க்கும் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் போய் இடிக்கும்.

இன்னொன்று, எண்ணெய். பிஸ்டன் அறையில் எரியக்கூடிய எண்ணெய் இருந்தால், அந்த வெப்பத்தில் பற்றிக்கொண்டு படீர் என்று வெடித்துப் புகை கக்கும். டீசல் எஞ்சின் எரியும் அதே முறைதான். இதற்கு டீசலிங் என்றே பெயர். வேகம் கூடியது போலத் தோன்றினாலும், பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

பிசிபிக்குள் நடப்பது

குழலுக்குக் கீழே அல்லது கட்டையின் இடத்தில் ஒரு சிலிண்டர். அதற்குள் 200 பார் காற்று. ட்ரிக்கரை இழுத்தால் ஒரு சின்ன ஹேமர் போய் வால்வைத் தட்டுகிறது. வால்வு இமைப்பொழுதுக்கும் குறைவாகத் திறந்து மூட, ஓர் அளவு காற்று பெல்லட்டின் பின்னால் பாய்கிறது. கனமான பிஸ்டன் ஓடுவதில்லை என்பதால் உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். பெல்லட்டும் சீக்கிரம் வெளியேறிவிடும். எப்படிப் பிடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் விழும். முதல் நாள் கையில் எடுப்பவரும் தகர டப்பாவைத் தொடர்ந்து அடிப்பார்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம், சிலிண்டரின் அழுத்தம் ஒவ்வொரு குண்டுக்கும் குறைந்துகொண்டே வருகிறது என்பது. அப்படியானால் வேகமும் குறைந்துகொண்டே வர வேண்டும் அல்லவா? அப்படி நேராகக் குறைவதில்லை. முழுக்க நிரப்பியிருக்கும்போது உள்ளிருக்கும் காற்றே வால்வை இறுக்கி மூடிப் பிடித்திருப்பதால், ஹேமரின் தட்டுக்கு அது கொஞ்சமாகத்தான் திறக்கும். வேகம் குறைவாக இருக்கும். அழுத்தம் சற்று இறங்கியதும் வால்வு நன்றாகத் திறந்து வேகம் ஏறும். பிறகு காற்று போதாமல் மறுபடி இறங்கும். நடுவில் வேகம் சீராக இருக்கும் பகுதிதான் பயன்படும் பகுதி. இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கவே ரெகுலேட்டர் வைக்கிறார்கள். அது பெரிய சிலிண்டரிலிருந்து குறைந்த, மாறாத அழுத்தத்தில் காற்றை ஒரு சிறு அறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ரெகுலேட்டர் உள்ள மாடலின் விலை கூடுவதற்கு ஒரு காரணம் இது.

பழையது எது, புதியது எது

பிசிபியை நவீனம் என்றும் ஸ்பிரிங்கைப் பழமை என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. வரலாறு நேர்மாறானது. 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படை ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. காற்றை அடைத்து வைத்த குடுவைதான் அதன் பின்கட்டை. 1804 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்கை நோக்கிப் போன லூயிஸ், கிளார்க் குழுவும் ஓர் அடைத்த காற்றுத் துப்பாக்கியை எடுத்துச் சென்றது. ஜிரார்டோனியின் குடுவையை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல் பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. போர்க்களத்தில் அது நிலைக்காமல் போனதற்கு நிரப்புவதும் பழுதுபார்ப்பதும் கடினமாக இருந்தது முக்கியக் காரணம்.

இன்று நாம் காணும் ஸ்பிரிங் ரைஃபிள் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ நிறுவனம் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த ஸ்பிரிங் ரைஃபிளை 1905 முதல் தயாரித்தது. பம்ப் வேண்டாம், குடுவை வேண்டாம். ஒரு முறை கையை இழுத்தால் ஒரு குண்டு. மக்களிடம் ஏர் ரைஃபிளைக் கொண்டு சேர்த்தது இந்த எளிமைதான்.

அடைத்த காற்று திரும்பி வந்தது போட்டி மைதானம் வழியாக. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டியின் குறி அட்டையின் நடுவில் 10 புள்ளி தரும் வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அப்போதெல்லாம் ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள், உதைப்பு தெரியாதபடி ரைஃபிளின் மேல்பாகமே தண்டவாளத்தில் சறுக்கும் ஸ்பிரிங் ரைஃபிள்களைச் செய்து அசத்தின. பிறகு அடைத்த காற்று வந்து அந்த உழைப்பையே தேவையில்லாமல் ஆக்கியது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இன்று சுடுவதும் அடைத்த காற்று ரைஃபிளில்தான். அந்தப் போட்டி ரைஃபிள்களின் ஆற்றல் 8 ஜூல் அளவை ஒட்டித்தான். துல்லியத்துக்கு அதிக ஆற்றல் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

உயரம் என்ன செய்யும்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். குன்னூரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. இது இரண்டு ரகங்களையும் வெவ்வேறு விதமாகப் பாதிக்கிறது.

முதலில் கைப்பம்ப். பிசிபிக்கான கைப்பம்ப் சைக்கிள் பம்ப் மாதிரியே நிற்கும், ஆனால் மூன்று கட்டமாக அழுத்தும். ஒவ்வொரு இழுப்பிலும் அது உறிஞ்சுவது சுற்றியுள்ள காற்றை. காற்று மெலிந்திருந்தால் ஒரு இழுப்பில் கிடைப்பதும் குறைவு. குளிரால் காற்று சற்று அடர்ந்திருப்பதைக் கழித்துப் பார்த்தாலும், சென்னையில் 100 இழுப்பில் ஆகும் வேலைக்கு ஊட்டியில் 120 முதல் 130 இழுப்பு வேண்டும். அழுத்தமானியின் முள் 150ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் கைகளை நீட்டி உடம்பு எடை முழுவதையும் போட வேண்டியிருக்கும். முள் நகர்வதே தெரியாது. பம்ப் சூடேறுவதால் நடுவில் நிறுத்தி ஆறவும் விட வேண்டும். மெலிந்த காற்றில் மூச்சு வாங்குவது தனி.

சரி, கைப்பம்ப் வேண்டாம் என்றால்?

1. பஞ்சர் கடை கம்ப்ரஸர் உதவாது. அது தரும் அழுத்தம் பத்து பாரை ஒட்டித்தான். இங்கே தேவை 200.

2. ஸ்கூபா வகைப் பெரிய சிலிண்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து ரைஃபிளை நிரப்பலாம். ஆனால் அந்தச் சிலிண்டரை நிரப்ப ஒரு இடம் வேண்டும். கடலோரத்தில் முக்குளிப்புப் பயிற்சி நடக்கும் ஊர்களில் அது எளிது. மலையில் இருப்பவர் கனமான சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதை இறங்கி ஏற வேண்டியிருக்கும். சிலிண்டருக்குக் காலமுறைச் சோதனையும் கட்டாயம்.

3. மின்சாரத்தில் ஓடும் சிறு கம்ப்ரஸர். நல்ல வழிதான், ஆனால் செலவு கூடும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களில் அதுவும் நின்றுவிடும்.

4. வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பும் எண்ணம் யாருக்காவது வந்தால், அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனும் துளி எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் வெடிக்கும். பிசிபியில் சுத்தமான காற்று மட்டுமே.

அடுத்து வெப்பநிலை. அடைத்த காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். கோவையில் 35 டிகிரி வெயிலில் 200 பார் நிரப்பி, ஊட்டியில் 5 டிகிரி விடிகாலையில் பார்த்தால் 180 பார்தான் காட்டும். கசிவு என்று நினைத்துப் பிரித்துவிடக் கூடாது. கீழே இறங்கினால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆபத்தானது இதன் மறுபக்கம். ஊட்டிக் குளிரில் 200 வரை நிரப்பிய ரைஃபிள், மேட்டுப்பாளையத்து மதிய வெயிலில் 220ஐத் தாண்டும். கதவடைத்த காரில் இன்னும் மேலே போகும். மலையிறங்குபவர் சிலிண்டரை முழு அளவுக்கு நிரப்பாமல் எடுத்துச் செல்வதே சரி.

ஈரம் பற்றி ஒரு தவறான அச்சம் உண்டு. மலையில் எப்போதும் மூடுபனி, அதனால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும் என்பார்கள். குளிர்ந்த காற்று சூடான காற்றைவிடக் குறைவான நீராவியைத்தான் தாங்கும். 12 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 11 கிராம் நீர். சென்னையின் 30 டிகிரிப் புழுக்கத்தில் அதைப்போல இரு மடங்கு. ஆகவே இந்த விஷயத்தில் மலைக்காற்று சென்னைக் காற்றைவிட மேல். ஆனாலும் காற்றை 200 மடங்கு நசுக்கும்போது உள்ள நீர் எங்கேயும் திவலையாகத்தான் பிரியும். அதனால் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் வடிகட்டி இல்லாமல் நிரப்பக் கூடாது. மூடுபனி நேராக உள்ளே புகும் திறந்த வராண்டாவில் பம்ப் அடிப்பதும் வேண்டாம்.

இனி ஸ்பிரிங். அதன் பிஸ்டன் அறையிலும் மெலிந்த காற்றுதான் நிறையும். அதனால் சமவெளியில் கொடுத்த வேகத்தைவிடச் சற்றுக் குறையும். எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். மார்கழி, தை மாத உறைபனிக் காலத்தில் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டிப்பட்டாலும் வேகம் குறையும். முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு அப்புறம் அட்டையைப் பார்ப்பது நல்லது. ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு வைத்த கேஸ் பிஸ்டன் மாடல்களும் குளிரில் கொஞ்சம் வலு இழக்கும். இதையெல்லாம் மீறி, ஸ்பிரிங் ரைஃபிள் தொட்டபெட்டா உச்சியிலும் ஒரே ஒரு இழுப்பில் தயாராகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பெல்லட் பறக்கும்போது இரண்டுக்கும் ஒரே கதைதான். மெலிந்த காற்று குறைவாகத் தடுப்பதால் பெல்லட் வேகத்தை அதிக நேரம் தக்கவைக்கும். 10 மீட்டரில் இது தெரியாது. 30, 40 மீட்டரில் சுடுபவர் சமவெளியில் சரிபார்த்த குறியை இங்கே வந்து மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் மேல் ஏன் இந்தப் பிரியம்?

ஏக்கம், பழைய நினைவு என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அது தனித்து நிற்கும் பொருள். ஒரு டப்பா பெல்லட் போதும். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ வீட்டுச் சுவரில் மாட்டி வைத்த ரைஃபிளை ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் சுடும். பிசிபியை அப்படி வைத்தால், ஒரு ரப்பர் வளையத்தில் ஒட்டிய மணல் துகள் போதும், காற்று முழுவதும் கசிந்திருக்கும்.

இரண்டாவது, பழுதுபார்ப்பது. ஸ்பிரிங் ரைஃபிளில் தேய்ந்து மாற்ற வேண்டியவை முக்கியமாக இரண்டு: சுருள் ஸ்பிரிங், பிஸ்டன் சீல். பழைய எஸ்டேட் வீடுகளிலிருந்து கைமாறி வந்த பிஎஸ்ஏ ரகங்களில் சீல் என்பது தோல் வாஷர்தான். நல்ல மாட்டுத்தோலும் அளவும் கொடுத்தால் செருப்புத் தைப்பவர் வெட்டிக் கொடுத்துவிடுவார். எண்ணெயில் ஊறவைத்து மாட்டலாம். ஆனால் உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கை அதற்கான பிடிகருவி இல்லாமல் யாரும் கழற்றக் கூடாது. முகத்தில் பாயும். மலையில் இரும்புக்கு எதிரி மூடுபனி. சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் குழலைத் துடைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் செந்நிறப் புள்ளிகள் வந்துவிடும்.

மூன்றாவது காரணம் சுடுபவரைப் பற்றியது, எனக்கு இதுவே பெரிது. ஸ்பிரிங் ரைஃபிள் கையின் ஒவ்வொரு பிழையையும் அட்டையில் காட்டிவிடும். மூச்சை விட்டு நிறுத்தாமல் இழுத்தால் காட்டும். தோளில் கூடுதலாக அழுத்தினால் காட்டும். குண்டு போனதும் தலையைத் தூக்கிப் பார்த்தால் அதையும் காட்டும். ஐந்து குண்டுகள் ஒரே ஓட்டையாக விழும் நாளில், அது ரைஃபிளின் வேலை மட்டும் இல்லை என்று சுட்டவருக்குத் தெரியும். ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்க வேண்டியிருப்பதால் சுடும் வேகமும் தானாக மட்டுப்படுகிறது. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் யோசிக்க நேரம் கிடைக்கிறது. இதில் நன்றாகச் சுடப் பழகியவர் பிசிபியை எடுத்தால் உடனே நன்றாகச் சுடுவார். பிசிபியில் மட்டும் பழகியவருக்கு மறுதிசையில் அது அவ்வளவு எளிதல்ல.

குறைகளும் உண்டு. 20 ஜூல் அளவை ஒட்டிய ஸ்பிரிங் ரைஃபிளை மடக்க பதினைந்து கிலோவுக்கு மேல் விசை தேவைப்படும். தோள்வலி உள்ளவருக்கும் சிறுவர்களுக்கும் அது கடினம். கனமும் அதிகம்.

சட்டம்: இரண்டுக்கும் ஒன்றே

உரிமம் பற்றித்தான் அதிகக் குழப்பம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஸ்பிரிங், பிசிபி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. நடைமுறையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளை வரம்புக்கு மேலே கொண்டுபோக உதிரிபாகம் மாற்ற வேண்டும். பல பிசிபிக்களில் ஒரு திருகை முறுக்கினாலே ஆற்றல் ஏறிவிடும். கடையில் வாங்கும்போது சட்டப்படி இருந்தது, வீட்டில் முறுக்கிய பிறகு உரிமம் இல்லாத ஆயுதம் ஆகிவிடலாம். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் 5.5 மில்லிமீட்டர் ரகங்களும் இங்கே உரிமத்துக்கு உட்பட்டவையே.

மலைவாசிகளுக்கு இதற்கு மேல் ஒரு சட்டம் இருக்கிறது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

1. ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அது ஆயுதம் இல்லை என்று ஆகிவிடாது. விலங்கைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடிய எந்தக் கருவியும் இச்சட்டப்படி ஆயுதமே. எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைச் சரணாலயத்துக்குள் கொண்டு போகக் கூடாது. முதுமலை வழியாக மைசூர் போகிறவர் வண்டியில் ஏர் ரைஃபிள் இருந்தாலும் இது பொருந்தும்.

2. சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளும் வசித்து ஆயுதம் வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 34. ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற ஆயுதம் வைத்திருப்பவரையும் அது சேர்த்தே சொல்கிறது. அந்தச் சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்கவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்ட பிறகு மேல்மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மசினகுடி, கூடலூர்ப் பக்கத்தவர்களுக்கும் அப்படியே.

3. வேட்டை என்பதற்குள் காயப்படுத்துவதும் அதற்கான முயற்சியும் அடங்கும். தோட்டத்துக்குள் வரும் காட்டுமாட்டையும் குரங்கையும் 'சும்மா விரட்ட' ஒரு பெல்லட் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. அந்தப் பெல்லட் தோலுக்குள் தங்கிச் சீழ் பிடித்து விலங்கை நாட்கணக்கில் வதைக்கும். காகம், பழந்தின்னி வௌவால் போன்றவற்றைத் தனியாக வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையும் 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பியும் சுட முடியாது.

நீலகிரி சிரிப்பான், பழனி சிரிப்பான் இரண்டும் உலகில் வேறெங்கும் இல்லாத, இந்த மலைத்தொடர்களுக்கே உரிய பறவைகள். வேலியோரப் புதர்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் துணிந்து வந்து தத்தித் திரிபவை. ஏர் ரைஃபிள் வாங்குகிறவர் வீட்டில் யார் கையில் அது போகும் என்பதையும் யோசித்தே வாங்க வேண்டும். காகித அட்டையும் தகர டப்பாவும் மட்டுமே குறி.

குறிக்குப் பின்னால் என்ன?

மலையில் நம் தோட்டத்தின் விளிம்புக்குக் கீழே இன்னொருவர் வீட்டுக் கூரை இருக்கும். 20 ஜூல் பெல்லட் தடையில்லாமல் போனால் சில நூறு மீட்டர் போகும். அதனால் பள்ளத்தாக்கை நோக்கிச் சுடுவது எந்த ரைஃபிளிலும் கூடாது. மேட்டைச் சீவி வீடு கட்டியவர்களுக்குப் பின்பக்கம் மண்சுவர் இருக்கும். அதை நோக்கிச் சுடலாம். ஆனால் அதில் கல் துருத்திக்கொண்டிருந்தால் ஈயம் தெறித்துத் திரும்பும். பழந்துணியோ களிமண்ணோ அடைத்த பெட்டியை அட்டைக்குப் பின்னால் வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு சுடுவது பாதுகாப்பு.

யாருக்கு எது

வீட்டில் 10 முதல் 25 மீட்டரில், வாரத்தில் சில நாள் குறி பழகுபவருக்கு ஸ்பிரிங். அதிலும் 20 ஜூல் அளவை எட்டிப் பிடிக்கும் மாடலைத் தேடாமல் 10, 12 ஜூல் அளவில் மிதமானதை எடுத்தால் மடக்குவது எளிது, உதைப்பு குறைவு, குறி நன்றாக விழும்.

10 மீட்டர் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோருக்கு வேறு யோசனையே வேண்டாம். போட்டித் தரப் பிசிபிதான். ஆனால் அதை வீட்டில் தனியாக வைத்துத் திண்டாடுவதைவிட, கம்ப்ரஸர் உள்ள பயிற்சிக் கூடத்தில் சேர்ப்பது மேல். மலையில் பள்ளியோ சங்கமோ இப்படி ஒரு கூடம் தொடங்கினால், ரைஃபிள்களுக்கு ஒதுக்கும் அதே கவனத்தோடு ஒரு நல்ல கம்ப்ரஸருக்கும் வடிகட்டிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

தோள்வலியாலோ வயதாலோ குழலை மடக்க முடியாதவருக்கும் பிசிபி பொருத்தம். கைப்பம்ப் அவருக்கு ஆகாது என்பதால் மின் கம்ப்ரஸரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பழைய பிசிபி விலைக்கு வந்தால், குழலையும் கட்டையையும் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அதில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி, சோதனைத் தேதி, அதிகபட்ச அழுத்தம் மூன்றும் படிக்கும்படி இருக்க வேண்டும். முழு அளவு நிரப்பி ஒரு இரவு வைத்து, மறுநாள் அதே குளிரில் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கலாம்.